நவம்பர் 1: வரலாற்றில் இந்த நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் வரும் இந்த நாளைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் போட்டித் தேர்வு எழுதுவோரும் பல கேள்விகள் கேட்கிறார்கள். மாநிலங்கள் பிறந்தது, புதுச்சேரி கைமாறியது, லிஸ்பன் நகரம் இடிந்தது என்று பல செய்திகள் இந்த ஒரே தேதியின் கீழ் வரிசையாக எழுதப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் அந்தத் தேதி எதைக் குறிக்கிறது, முடிவெடுத்த நாளையா, முடிவு நடைமுறைக்கு வந்த நாளையா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும் என்பதால், இங்குள்ள பதில்கள் அதில் தனிக் கவனம் செலுத்துகின்றன.

நவம்பர் 1 தென்னிந்தியாவில் ஏன் இவ்வளவு முக்கியமான நாள்?

1956ஆம் ஆண்டு நவம்பர் 1, வியாழக்கிழமை, மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இந்தியாவின் மாநிலங்கள் அ, ஆ, இ, ஈ என நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழைய ஆங்கிலேய மாகாணங்கள் ஒரு வகை, சமஸ்தானங்கள் இணைந்து உருவானவை மற்றொரு வகை என அந்தப் பிரிவினை அமைந்திருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது திருத்தமும் அதே நாளில் நடைமுறைக்கு வந்து அந்த வகைப்பாட்டை நீக்கியது. 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளும் கொண்ட புதிய வரைபடம் பிறந்தது.

இதற்குப் பின்னால் நீண்ட முன்கதை உண்டு. தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இரவு உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் உருவானது. ஒரு மொழியினருக்கு வழங்கியதை மற்றவர்களுக்கு மறுக்க முடியாத நிலை எழுந்ததால், அதே ஆண்டு டிசம்பரில் பசல் அலி தலைமையில் இருதயநாத் குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் அறிக்கை 1955 செப்டம்பர் 30 அன்று வந்தது. அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 1956 ஆகஸ்ட் 31 அன்று ஒப்புதல் அளித்தார். ஆகவே நவம்பர் 1 என்பது கோரிக்கை எழுந்த நாளும் அல்ல, சட்டம் பிறந்த நாளும் அல்ல. எல்லைகள் உண்மையில் மாறிய நாள்.

அன்று சென்னை மாநிலம் எதைப் பெற்றது, எதை விட்டுக்கொடுத்தது?

பெற்றவை: திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள். இவை சேர்ந்து நாகர்கோவிலைத் தலைநகராகக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. 2019 முதல் அது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

விட்டவை பரப்பளவில் மிகப் பெரியவை. மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது. தென்கன்னட மாவட்டத்தில் காசர்கோடு வட்டம் கேரளத்துக்கும் எஞ்சிய பகுதி மைசூருக்கும் போயின. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குச் சென்றது. இலட்சத்தீவுகள் தனி ஒன்றியப் பகுதியாயின. மூன்றாண்டுகளுக்கு முன்பே ஆந்திரம் பிரிந்துவிட்டதால், ஒரு காலத்தில் கஞ்சம் முதல் கன்னட நாடு வரை விரிந்திருந்த பழைய சென்னை மாகாணம் அன்றுதான் ஏறத்தாழ முழுக்கத் தமிழ் பேசும் மாநிலமாக மாறியது. ஆனாலும் வரைபடம் அன்றே முற்றுப்பெற்றுவிடவில்லை. ஆந்திரத்திடம் இருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம் முன்னெடுத்த வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்றுதான் வந்து சேர்ந்தது.

கன்னியாகுமரி இணைப்பு போராட்டமில்லாமல் கிடைத்ததா?

இல்லை. நவம்பர் 1ஐ வெறும் நிர்வாக அறிவிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுவது அந்த மண்ணின் மக்களுக்குச் செய்யும் அநீதி. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற அமைப்பு, மார்ஷல் என்று மக்கள் அழைத்த அ. நேசமணியின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் போராடியது. தமிழ் பேசுவோர் மிகுந்த வட்டங்களில் பள்ளிக்கூடம் முதல் நீதிமன்றம் வரை வேற்று மொழியிலேயே நடப்பதுதான் அவர்களின் முதன்மையான மனக்குறை. தென்கோடி நான்கு வட்டங்களுடன் செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது வட்டங்களை அவர்கள் கேட்டார்கள்.

1954 ஆகஸ்ட் 11 அன்று, பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, பலர் உயிரிழந்தார்கள். குமரி மாவட்டத்தில் நவம்பர் 1ஐப் போலவே இந்த ஆகஸ்ட் 11ஆம் நினைவுகூரப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே நினைப்பதுதான் சரி என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து.

கேட்ட ஒன்பதில் தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகிய நான்கும் கேரளத்தில் நின்றன. அதன் விளைவை இன்றும் அன்றாடச் செய்தியில் காணலாம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் பீர்மேடு வட்டத்தில் இருக்கிறது. அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தேனி, மதுரை வயல்களுக்கு வருகிறது.

பழைய திருவிதாங்கூர் எல்லையின் சுவடு இன்று எங்கேனும் தெரிகிறதா?

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றால் நேரிலேயே காணலாம். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகர் அது. கருமை மின்னும் தரையும் மரச்செதுக்கு வேலைகளும் கொண்ட அந்த அரண்மனை தமிழ்நாட்டின் எல்லைக்குள், கல்குளம் வட்டத்தில் இருந்தாலும், அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. வெளியே சாலையில் நிற்பது தமிழ்நாட்டுப் பேருந்து; உள்ளே நுழைவுச்சீட்டு தருவது கேரள அரசு ஊழியர்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இன்னொரு காட்சியும் அங்கே நடக்கிறது. பத்மநாபபுரத்துச் சரசுவதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வத் திருமேனிகள் அரண்மனையில் உடைவாள் ஒப்படைக்கும் சடங்குக்குப் பின் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. ஊர்வலம் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கும்போது இரு மாநிலக் காவல்துறையினரும் அணிவகுத்து மரியாதை செலுத்துகிறார்கள். 1956க்கு முன் அது ஒரே அரசுக்குள் நடந்த பயணம். எல்லை மாறிய பிறகும் வழக்கம் நிற்கவில்லை.

தமிழ்நாடு நாள் நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ?

இரண்டு தேதிகளும் அரசு அறிவிப்பு பெற்றவை என்பதால்தான் இந்தக் குழப்பம். 2019இல் அப்போதைய தமிழ்நாடு அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என அறிவித்தது. 2021இல் அடுத்து வந்த அரசு அதை ஜூலை 18க்கு மாற்றியது.

இரண்டும் வெவ்வேறு நிகழ்வைக் குறிக்கின்றன. நவம்பர் 1 நிலப்பரப்பு அமைந்த நாள். ஜூலை 18 பெயருக்கான நாள். 1956 நவம்பரில் இந்த மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம்தான். அதைத் தமிழ்நாடு என மாற்றக் கோரியும் வேறு சில கோரிக்கைகளை முன்வைத்தும் விருதுநகரில் 1956 ஜூலையில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து அக்டோபரில் உயிர் நீத்தார். புதிய எல்லைகள் நடைமுறைக்கு வரச் சில வாரங்களே இருந்தன. அவர் கேட்ட பெயரைச் சூட்டும் தீர்மானத்தை 1967 ஜூலை 18 அன்று முதலமைச்சர் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. எனவே தேர்வில் “பெயர் மாற்றம்” என்று வந்தால், தீர்மானமா நடைமுறையா எனக் கேள்வியை ஒரு முறை கவனித்துப் படித்த பின்பே விடையைக் குறிக்க வேண்டும்.

மற்ற மாநிலங்களுக்கு இந்த நாள் எப்படிப்பட்டது?

மலையாளிகளுக்கு இது கேரளப் பிறவி. கன்னடர்களுக்கு ராஜ்யோத்சவம், மஞ்சளும் சிவப்பும் கொண்ட கொடி ஊரெங்கும் பறக்கும். பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களிலும் குடகிலும் சிதறிக் கிடந்த கன்னடப் பகுதிகள் 1956இல் மைசூருடன் சேர்ந்தன. அந்த மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது 1973 நவம்பர் 1 அன்று, தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது. ஐதராபாத் மாநிலத்தின் தெலங்கானாப் பகுதி ஆந்திரத்துடன் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனதும் 1956இல் இதே நாளில்தான். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா மீண்டும் தனி மாநிலமானது.

வடக்கே மத்தியப் பிரதேசம் 1956இலும், ஹரியானா 1966இலும், சத்தீஸ்கர் 2000இலும் இதே நாளில் அமைந்தன. அதிகம் பேசப்படாத ஒன்று புருலியா. பீகாரில் இருந்த மான்பூம் மாவட்டத்தின் வங்காளிகள் தங்கள் மொழிக்காகப் போராடி, கொல்கத்தா வரை நடைப்பயணம் சென்றார்கள். அதன் பயனாகப் புருலியா 1956 நவம்பர் 1 அன்று மேற்கு வங்கத்தில் சேர்ந்தது. குமரி மக்களின் கதையை அறிந்தவர்களுக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது.

எல்லாருக்கும் இது கொண்டாட்ட நாள் அல்ல. பெலகாவியில் மராத்தி பேசும் மக்களின் அமைப்பு, தங்கள் பகுதி கர்நாடகத்தில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து நவம்பர் 1ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது.

புதுச்சேரியின் விடுதலை நாள் நவம்பர் 1 என்கிறார்கள். ஆகஸ்ட் 16 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி உரிமை மாறியது 1962 ஆகஸ்ட் 16.

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் 1947க்குப் பின்னும் பிரான்சிடமே இருந்தன. 1954இன் நடுவில் மாகியிலும் ஏனாமிலும் பிரெஞ்சு நிர்வாகம் அகன்றுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, புதுச்சேரிக்கு மேற்கே கீழூர் என்னும் சிற்றூரில், மக்கள் பிரதிநிதிகள் சபையினரும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். பெரிய நகர மன்றத்தில் அல்லாமல் வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அந்த முடிவு எடுக்கப்பட்டது. நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது. மூன்று நாட்களில் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

1956 மே 28 அன்று கையெழுத்தான உரிமை மாற்ற உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் ஒப்புதல் அளித்தது. 1962 ஆகஸ்ட் 16க்குப் பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் மக்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. பிரான்சின் தேர்தல் நாளில் புதுச்சேரித் தமிழர் சிலர் வாக்குச்சாவடிக்குச் செல்வதை இன்றும் பார்க்கலாம் என்றால் அதற்கு வேர் அங்கேதான்.

அதே 1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரியப் போர் தொடங்கியது உண்மையா?

உண்மை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி அமைதியாக விடைபெற்ற அதே நாளில், நள்ளிரவு முதல் அல்ஜீரியாவின் பல இடங்களில் தேசிய விடுதலை முன்னணி தாக்குதல்களைத் தொடங்கியது. வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரான்சு தோற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்திய நிலப்பகுதிகளை விட்டுவிட அப்போதைய பிரெஞ்சுப் பிரதமர் பியர் மெண்டெஸ்-பிரான்ஸ் என்பவரின் அரசு இணங்கியது. ஆனால் பெருந்தொகையான ஐரோப்பியர் குடியேறியிருந்த அல்ஜீரியாவைப் பிரான்சின் ஒரு பகுதியாகவே அந்த அரசு கருதியது. அந்தப் போர் ஏழரை ஆண்டுகள் நீடித்துப் பேரளவில் உயிர்களைக் குடித்தது. 1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. புதுச்சேரி உடன்படிக்கையின் ஒப்புதல் 1962 வரை இழுபட்டதற்கு இந்தப் போரே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. புதுச்சேரியின் எட்டாண்டுக் காத்திருப்பைப் பற்றிப் பேசுவோர் அல்ஜீரியாவையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

விக்டோரியா அரசியின் பேரறிக்கை எந்த நாளுக்குரியது?

1858 நவம்பர் 1. அன்று அலகாபாதில் கானிங் பிரபு அந்த அறிக்கையைப் படித்து வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து இந்தியா ஆங்கில அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. தலைமை ஆளுநர் இனி அரசியின் பிரதிநிதியுமானார். அதற்குரிய சட்டம் ஆகஸ்ட் 2 அன்றே லண்டனில் ஒப்புதல் பெற்றிருந்தது. மத விவகாரங்களில் தலையிட மாட்டோம், இன வேறுபாடின்றிப் பதவி தருவோம், சமஸ்தானங்களுடன் செய்த உடன்படிக்கைகளை மதிப்போம் என்று அறிக்கை உறுதி கூறியது. அந்த வாக்குறுதிகளை நம்ப வேண்டாம் என்று அவத் அரசி பேகம் ஹஸ்ரத் மகால் எதிர் அறிக்கை வெளியிட்டார். பதவி பற்றிய வாக்குறுதி எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பதைப் பின்வந்த அரை நூற்றாண்டின் அரசியல் மனுக்களே காட்டும். தேசிய இயக்கத்தின் முதல் தலைமுறைத் தலைவர்கள் இதே அறிக்கையை மேற்கோள் காட்டித்தான் தங்கள் உரிமையைக் கேட்டார்கள்.

1755இல் லிஸ்பனில் என்ன நடந்தது? அதை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா. போர்ச்சுகலின் தலைநகரில் கோவில்களெல்லாம் நிரம்பியிருந்தன. பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. காலை 9.40 மணியளவில் நிலம் அதிர்ந்தது. கூரைகள் வழிபாட்டில் இருந்தவர்கள் மீதே விழுந்தன. தப்பியவர்கள் இடிபாடுகளிலிருந்து விலகி ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் பின்வாங்கி, ஆற்றின் அடித்தரை வெளியே தெரிந்தது. பிறகு ஆழிப்பேரலை ஏறி வந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியதைக் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த திரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. தேஜோ ஆற்றங்கரை அரண்மனையும் அதன் பெரிய நூலகமும் அழிந்தன. உயிரிழந்தோர் எண்ணிக்கை பல்லாயிரம். மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

இந்தப் பேரழிவு இன்றும் பேசப்படுவதற்கு அதன் பின் நடந்தவையும் காரணம். பின்னர் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்ற அமைச்சர், நாட்டின் பங்குகள் (ஒவ்வொரு குருவின் பொறுப்பிலும் இருந்த கோவில் வட்டாரங்கள்) அனைத்துக்கும் ஒரு வினாத்தாளை அனுப்பச் செய்தார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, நிலம் பிளந்ததா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. பங்குக் குருக்கள் எழுதி அனுப்பிய விடைகள் போர்ச்சுகலின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்க ஆய்வாளர்கள் அவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இறைவனின் தண்டனை என்ற விளக்கத்தோடு நின்றுவிடாமல், கண்டதைக் கண்டபடி எழுதச் சொன்ன அந்தச் செயலை நான் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன். புதிய கட்டடங்களின் சுவருக்குள் அதிர்வைத் தாங்கும் மரச்சட்டக் கூடுகள் பொருத்தப்பட்டன. கூரையிழந்த கார்மோ மடத்தின் வளைவுகள் மட்டும் அந்தக் காலையின் நினைவாக லிஸ்பனில் நிற்கின்றன.

முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடந்தது அக்டோபர் 31ஆ, நவம்பர் 1ஆ?

1952இல் அமெரிக்கா நடத்திய இந்தச் சோதனைக்கு ‘மைக்’ என்று பெயர். பசிபிக் கடலில் எனிவெடோக் பவளத்தீவில் அப்போது நவம்பர் 1 காலை 7.15 மணி, வாஷிங்டனில் இன்னும் அக்டோபர் 31. பன்னாட்டுத் தேதிக்கோடு இடையில் இருப்பதால் இரு தேதிகளும் நூல்களில் காணப்படுகின்றன. நிகழ்ந்த இடத்தின் நாளையே எழுதுவது முறை.

வெடிப்பின் ஆற்றல் ஏறத்தாழ 10.4 மெகா டன். எலுகேலாப் என்ற சிறு தீவு அதோடு இல்லாமல் போனது. அது இருந்த இடத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலத்தில் கடலடிப் பள்ளம் ஒன்றே எஞ்சியது. அதன் எச்சங்களை ஆராய்ந்தபோதுதான் ஐன்ஸ்டைனியம், பெர்மியம் என்ற இரு புதிய தனிமங்கள் கண்டறியப்பட்டன.

இந்த நாளில் குறிப்பிடத்தக்க வேறு நிகழ்வுகள் எவை?

1512இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியங்கள் பொதுவில் காட்டப்பட்டன. 1922இல் துருக்கியின் தேசியப் பேரவை சுல்தான் ஆட்சியை ஒழித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாளில் துருக்கிய மொழியை இலத்தீன் எழுத்துக்கு மாற்றும் சட்டத்தை அதே பேரவை நிறைவேற்றியது. 1981இல் அன்டிகுவா–பார்புடா விடுதலை பெற்றது. 1993இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து ஐரோப்பிய ஒன்றியம் அமைந்தது. கையெழுத்தானது 1992 பிப்ரவரியில்.

தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரமும் பாடகருமான எம். கே. தியாகராஜ பாகவதர் சென்னையில் மறைந்தது 1959 நவம்பர் 1. அப்போது அவருக்கு வயது 49.

ஒரு நிகழ்வின் தேதியை எழுதும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் நாட்காட்டி. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்குப் போர்ச்சுகல் 1582இலேயே மாறிவிட்டது; இங்கிலாந்து 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று எண்ணித்தான் மாறியது. லிஸ்பன் அதிர்ந்தது 1755இல் என்பதால் இரு நாட்டு ஆவணங்களிலும் தேதி ஒன்றே. ஐந்தாண்டுகளுக்கு முன் நடந்திருந்தால் ஆங்கில ஆவணத்தில் அக்டோபர் 21 என்று இருந்திருக்கும். அடுத்து இடம்; எனிவெடோக் அதற்குச் சான்று. பிறகு வினைச்சொல்: கோரப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது, கையெழுத்தானது, நடைமுறைக்கு வந்தது ஆகியவற்றுள் எதை எழுதுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். “1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது” என்பது சரியான வாக்கியம். “தமிழ்நாட்டில் சேர்ந்தது” என்று எழுதினால், அந்தப் பெயர் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.